பெயரில்லா வரைபடமும் ஓடிக்கொண்டே பேசிய தமிழும்

உங்கள் வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு எப்படிப் போவது என்று ஒருவர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நீங்கள் கைபேசியை எடுக்கக் கூடாது. சாலைப் பெயரையோ புளோக் எண்ணையோ சொல்லக் கூடாது. எத்தனை வாக்கியங்கள் தடங்கலின்றி வரும்?

மனத்துக்குள் ஒருமுறை முயன்று பாருங்கள். நம்மில் பலருக்கு 'நேராப் போய் லெஃப்ட்ல...' என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். முதியோரைப் பேணுவது பற்றியும் சுற்றுச்சூழலைக் காப்பது பற்றியும் தமிழில் மூன்று நிமிடம் கருத்துச் சொல்ல நமக்குப் பயிற்சி உண்டு. ஒரு மூலையைச் சுற்றி, ஒரு சரிவில் இறங்கி, ஒரு படிக்கட்டின் பின்பக்கம் வரச் சொல்லப் பயிற்சி இல்லை. இந்த இடைவெளியை வகுப்பறையில் நான் உணர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோ பாயோவில் வியர்க்க வியர்க்க ஓடியபோதுதான் உணர்ந்தேன். இளையர்கள் அனைவரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய விளையாட்டு அது. நம் தமிழ்மொழி மன்றங்களுக்கும் அதில் வேலை இருக்கிறது என்பது என் கருத்து.

வரைபடம், திசைகாட்டி, இரண்டு கால்கள்

ஆங்கிலத்தில் அதை 'ஓரியண்டியரிங்' என்பார்கள். நானும் என் தோழியும் எங்களுக்குள் 'வழிதேடு ஓட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். கையில் ஒரு வரைபடம், கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் திசைகாட்டி, அவ்வளவுதான் கருவிகள். வரைபடத்தில் ஊதா வட்டங்களால் சில குறியிடங்கள் காட்டப்பட்டிருக்கும். அங்கெல்லாம் வெள்ளையும் ஆரஞ்சு நிறமும் கொண்ட சிறு கொடி தொங்கும். அருகிலுள்ள பெட்டியில் விரலில் மாட்டியிருக்கும் மின்னணுச் சில்லைத் தொட்டால் 'பீப்' என்று ஒலி வரும். நீங்கள் வந்தது பதிவாகிவிடும். எந்த வழியாக அங்கே வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வழியைத் தேர்ந்தெடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

இதன் பிறப்பிடம் வடக்கு ஐரோப்பியக் காடுகள். சுவீடன் நாட்டு இராணுவக் கல்லூரியில் 1886இல் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. அறியாத நிலப்பகுதியை வரைபடத்தின் துணையோடு கடப்பதையே அது குறித்தது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31ஆம் தேதி நார்வேயில் நடந்தது. இளையர்களுக்கு ஓட்டப் பந்தயங்களில் ஆர்வம் குறைவதைக் கண்ட எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற சுவீடன் இராணுவ அதிகாரி, 1919இல் ஸ்டாக்ஹோம் அருகே பெரிய அளவில் ஒரு போட்டியை நடத்தினார். ஓட்டத்தோடு மூளைக்கும் வேலை கொடுத்தால் இளையர்கள் வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. அது பலித்தது. 1961இல் பத்து நாடுகள் சேர்ந்து அனைத்துலகச் சம்மேளனத்தை அமைத்தன. காட்டுக்குள் நடந்த இந்த விளையாட்டு பிறகு பூங்காக்களுக்கும் நகரத் தெருக்களுக்கும் வந்தது. 2001இல் பின்லாந்தில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் குறுந்தூரப் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் குறுந்தூரப் பிரிவின் நகர வடிவத்தைத்தான் நாங்கள் தோ பாயோவில் ஓடினோம்.

எங்களுடையது இருவர் ஓடும் புள்ளிக் கணக்குப் போட்டி. 60 நிமிடங்கள், 24 குறியிடங்கள். எந்த வரிசையிலும் போகலாம். தூரத்தில் உள்ளதற்கு அதிகப் புள்ளி. நேரம் கடந்து திரும்பினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் புள்ளி வெட்டு. போக்குவரத்து விளக்கை மீறிச் சாலையைக் கடந்தால் தகுதி நீக்கம்.

பெயர்களை அழித்துவிட்ட ஊர்

வரைபடத்தைக் கையில் வாங்கியதும் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. அதில் ஒரு பெயர்கூட இல்லை. சாலைப் பெயர் இல்லை, புளோக் எண் இல்லை, கோயில் என்றோ பள்ளி என்றோ எழுதப்படவில்லை. இவ்வகை வரைபடங்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருக்கும். எந்த மொழி பேசுபவரும் படிக்க வேண்டும் என்பதால் நிறத்தாலும் கோட்டாலும் மட்டுமே பேசும். கட்டடம் கரும்சாம்பல். தூண்களுக்கு நடுவே நடந்து போகக்கூடிய கீழ்த்தளம் இளஞ்சாம்பல். தண்ணீர் நீலம். திறந்த புல்வெளி மஞ்சள். நுழையக் கூடாத இடம் ஒலிவப் பச்சை. தாண்டக் கூடாத சுவர் தடித்த கறுப்புக் கோடு. மேடும் பள்ளமும் பழுப்பு நிறக் கோடுகள். அளவு 1:4000, அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 40 மீட்டர்.

தோ பாயோவை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். வீவக தானே முழுமையாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் அது. சதுப்பு நிலத்தில் 1960களில் எழுந்தது. 'பெரிய சதுப்பு' என்பதுதான் பெயரின் பொருளும். சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி பாதை 1987 நவம்பரில் திறக்கப்பட்டபோது அதன் ஒரு முனை தோ பாயோ. லோரோங் 6இல் 1979இல் அமைக்கப்பட்ட டிராகன் விளையாட்டுத் திடலில் சிறு வயதில் நான் ஏறி விளையாடியிருக்கிறேன். லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு அம்மாவுடன் போயிருக்கிறேன். ஆனால் நான் அறிந்தவை எல்லாம் பெயர்கள். பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது வடிவம் மட்டுமே: நீளமான ஒரு கட்டடம், அதில் ஒரு மடிப்பு, பக்கத்தில் ஒரு மேடு, அடியில் ஒரு வாய்க்கால்.

இங்கேதான் மொழி உள்ளே வருகிறது. பெயர் இருந்தால் 'லோரோங் 4' என்று சொல்லி முடித்துவிடலாம். பெயர் இல்லாத இடத்தை வருணித்தாக வேண்டும். வரைபடம் வாய் திறக்காது. ஓடும் இருவரும்தான் பேச வேண்டும்.

இரகசியத்துக்காகப் பேசிய தமிழ்

நாங்கள் தமிழில் பேசத் தொடங்கியதற்குக் காரணம் மொழிப்பற்று அல்ல, தந்திரம். தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இரண்டு குழுவினர் எங்கள் பின்னாலேயே வருவதைக் கவனித்தோம். அடுத்து எங்கே போகிறோம் என்று நாங்கள் ஆங்கிலத்தில் உரக்கப் பேசிக்கொண்டது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. "இனிமே தமிழ்லயே பேசுவோம்," என்றாள் தோழி. நாங்கள் இருவரும் உயர்நிலைப்பள்ளியில் ஒரே தமிழ் வகுப்பில் இருந்தவர்கள். ஆனாலும் எங்களுக்குள் பேசிக்கொண்டது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

முதல் சில நிமிடங்கள் திணறல். "ரெண்டு புளோக்குக்கு நடுவுல..." என்று தொடங்கியவள் சொல் கிடைக்காமல் கையை அசைத்தாள். "சந்து!" என்றேன். தொடக்கப்பள்ளிக் கட்டுரைகளில் எழுதியிருப்பேன்; கண் முன்னால் இருந்த ஒரு சந்தைப் பார்த்து அந்தச் சொல்லை நான் உச்சரித்தது அன்றுதான். அடுத்த குறியிடத்துக்குப் போகும் வழியில் மூன்று நடைபாதைகள் ஒன்றுசேர்ந்தன. 'முச்சந்தி' தானாக வந்தது. வரைபடத்து நீலக் கோட்டை இருவரும் சொல்லிவைத்தாற்போல் 'லோங்காங்' என்றோம். மலாயிலிருந்து வந்து நம் வீட்டுத் தமிழில் எப்போதோ குடியேறிவிட்ட சொல் அது. செய்தித்தாளில் 'வடிகால்' என்று எழுதுவோம். ஓடும்போது லோங்காங்தான் சரியாக இருந்தது.

ஒரு குறியிடத்தில் "மேல இருக்கு," என்றாள் தோழி. எதிரே பலமாடிக் கார் நிறுத்துமிடம். "மாடியிலயா, மேட்டுலயா?" என்று கேட்டேன். "மேட்டுல!" என்று உடனே பதில் வந்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உயரமான சுவர். அதற்கு மேல் புல்மேடு. சுவர் தடித்த கறுப்புக் கோடு. ஏறினால் தகுதி நீக்கம். இடப்பக்கம் சுற்றினால் தூரம் குறைவு, ஆனால் படிக்கட்டு செங்குத்து. வலப்பக்கம் தூரம் அதிகம், ஆனால் சரிவு மெல்ல ஏறும். நான்கு சொற்களில் முடிவெடுத்தோம். 'மாடி', 'மேடு' என்ற இரண்டு சொற்களும் தனித்தனியாக இருந்ததால் எங்களுக்கு ஒரு நிமிடமாவது மிச்சம்.

நேரம் போகப்போக, பாடநூலில் நாங்கள் படித்த சொற்களைவிட வீட்டில் கேட்ட சொற்கள் முந்திக்கொண்டு வந்தன. 'எதிர்த்தாப்ல', 'ஓரமா', 'ஒட்டினாப்ல', 'குறுக்கால'. அவள் வீட்டில் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்பார்கள். எங்கள் வீட்டில் 'அந்தப் பக்கம், இந்தப் பக்கம்'. இவற்றை எங்கள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்தோம். கேட்டோமே தவிர, நாங்களே பேசியதில்லை. மறந்துவிட்டோம் என்று நினைத்த சொற்கள், தேவை வந்ததும் வரிசையில் நின்றன.

கடைசியில் 19 குறியிடங்களைத் தொட்டு, நேரத்துக்குள் திரும்பினோம். பரிசு எதுவும் இல்லை. பட்டியலின் நடுவில் ஓர் இடம். பின்தொடர்ந்த குழுக்களை மட்டும் வெற்றிகரமாகக் குழப்பிவிட்டோம்.

கல்மேசைப் பாட்டி

ஓட்டத்தின் நடுவே ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை அருகே, ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் தமிழில் கத்திக்கொண்டு வந்ததைக் கேட்டு, "என்னம்மா தேடுறீங்க? எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றார். "இல்ல பாட்டி, போட்டி!" என்றோம். "போட்டின்னா ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க!" என்று விரட்டினார். பிறரிடம் வழி கேட்பது விதிப்படி கூடாது என்பதால் நாங்களும் சிரித்துவிட்டு ஓடினோம்.

போட்டி முடிந்ததும் அவரைத் தேடிப் போய்ப் பேசினோம். 1970களின் தொடக்கத்தில் கம்பத்து வீட்டைவிட்டு இந்த அடுக்குமாடிக்கு வந்தவர். அப்போதெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. "லிஃப்டு அஞ்சுல நிக்கும், ஒம்போதுல நிக்கும். எங்க வீடு ஏழு. பிள்ளையத் தூக்கிட்டு ரெண்டு மாடி எறங்குவேன்," என்றார். அண்டை வீட்டாரோடு பேசிய இடத்தை அவர் 'தாவாரம்' என்றார். வீட்டுக் கதவுகளுக்கு முன்னால் ஓடும் அந்த நீண்ட நடைவழியை நாங்கள் அன்று காலை முழுக்க 'காரிடோர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். 'தாழ்வாரம்' என்ற சொல் எங்களுக்குத் தெரியும். கிராமத்து வீட்டுக்குரிய சொல் என்று நினைத்திருந்தோம். ஏழாவது மாடியிலும் அது ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

நான் கவனித்த இன்னொன்று: அரை மணி நேரப் பேச்சில் அவர் ஒரு லோரோங் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. 'மீன்கடைக்குப் பின்னால இருக்க சரிவு', 'பஸ் திரும்புற முக்கு', 'கோயிலுக்குப் போற ஒத்தையடிப் பாதை'. எங்கள் கையிலிருந்த வரைபடத்தைப் போலவே, அவர் மனத்தில் இருந்த ஊரிலும் எண்கள் இல்லை, வடிவங்கள்தான் இருந்தன.

கருத்துச் சொல்லும் மொழி, காரியம் செய்யும் மொழி

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு. 2010இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழை அதிகம் பேசுவோர் அதே பத்தாண்டுகளில் 3.3இலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். இந்த எண்களைப் பார்த்ததும் 'இன்னும் அதிகமாகத் தமிழ் கற்க வேண்டும்' என்று சொல்வது எளிது. ஆனால் நம் தலைமுறையின் சிக்கல் தமிழ் தெரியாததில் மட்டும் இல்லை. தெரிந்த தமிழை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதிலும் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துக் கருத்துச் சொல்கிறோம். மேடையில் பேசுகிறோம், விவாதிக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம். இவை அனைத்தும் தேவை. எனக்குத் தமிழ் வந்ததே இவற்றால்தான். இதில் ஆசிரியர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வாரத்தில் சில மணி நேரத்தில் அவர்கள் செய்வது பெரிது. ஆனால் இவற்றில் நாம் ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, அந்தப் பேச்சை வைத்து ஒரு காரியம் செய்வதில்லை. நாம் சொன்னதைக் கேட்டு யாரும் இடப்பக்கம் திரும்புவதில்லை. சொல் தவறினால் யாரும் சுவரில் முட்டிக்கொள்வதில்லை. குழுப்பணி, சமையல், விளையாட்டு, பயணம் என்று சேர்ந்து காரியம் செய்யும் நேரம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம்.

அவசரத்தில் எந்த மொழி வாய்க்கு வருகிறதோ அதுதான் ஒருவருக்கு உயிருள்ள மொழி. அந்த அவசரத்தைத் தமிழுக்கு நாம் கொடுப்பதே இல்லை. வழிதேடு ஓட்டம் அதைக் கொடுத்தது. அழகாகப் பேச அங்கே நேரமில்லை. மதிப்பெண் இல்லை, நடுவர் இல்லை. 'லிஃப்ட்' என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. தோழிக்குப் புரிந்ததா, புள்ளி கிடைத்ததா என்பதுதான் கேள்வி. தூய தமிழ் பேச வேண்டும் என்ற அச்சத்தாலேயே வாய் திறக்காத பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது நல்ல மருந்து.

மன்றங்களுக்கு ஒரு பரிந்துரை

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் வருகிறது. பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள தமிழ்மொழி மன்றங்கள் நிகழ்ச்சிகளுக்கு யோசனை தேடும். பட்டியலில் ஒரு வழிதேடு ஓட்டத்தைச் சேருங்கள். செலவு மிகக் குறைவு.

உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள பேட்டையின் வரைபடம் ஒன்றை எடுத்து, எல்லாப் பெயர்களையும் எண்களையும் அழித்துவிடுங்கள். பன்னிரண்டு இடங்களை வட்டமிடுங்கள். கொடிகளும் மின்னணுப் பெட்டிகளும் வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு வந்தால் மட்டுமே விடை தெரியும் கேள்வி ஒன்று போதும்: 'இந்தப் படிக்கட்டில் எத்தனை படிகள்?', 'கல்மேசையைச் சுற்றி எத்தனை இருக்கைகள்?' 45 நிமிடங்கள் கொடுங்கள். இருவர் இருவராக அனுப்புங்கள். முடிந்தால் தமிழ் சரளமாகப் பேசுபவரையும் தயங்குபவரையும் சேர்த்து அனுப்புங்கள். வரைபடம் தயங்குபவர் கையில் இருக்கட்டும். வழியை அவர்தான் சொல்ல வேண்டும். சாலை கடக்கும் இடங்களில் பெரியவர்கள் நிற்கட்டும். குடியிருப்பாளர்களுக்கு இடையூறு வராமல் இருக்க, உரியவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் பரிசளித்துக் கலைந்துவிடாதீர்கள். ஓடும்போது எந்தச் சொல் கிடைக்காமல் தவித்தீர்கள் என்று எல்லாரும் எழுதட்டும். அந்தப் பட்டியலோடு, அதே பேட்டையில் நீண்ட காலம் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெரியவரிடம் போய் உட்காருங்கள். பாதிச் சொற்களுக்கு அவரிடம் விடை இருக்கும். மீதிக்கு நீங்களே சொல் கண்டுபிடியுங்கள். 'வழிதேடு ஓட்டம்' என்று நாங்கள் பெயர் வைத்தது போல.

இந்தப் பட்டியல்களை மன்றங்கள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொண்டால், பேட்டைக்குப் பேட்டை சேர்ந்து சிங்கப்பூர்த் தெருக்களுக்கென ஒரு சிறு தமிழ்ச் சொற்கோவை உருவாகும். ஈசூன் மாணவர்கள் ஒரு சொல் கொடுப்பார்கள், ஜூரோங் மாணவர்கள் இன்னொன்று கொடுப்பார்கள். எங்கள் பங்குக்குத் தோ பாயோவிலிருந்து மூன்று சொற்களைத் தருகிறோம்: சந்து, மேடு, தாழ்வாரம். உங்கள் மன்றம் வரைபடம் தயார்செய்தால் சொல்லி அனுப்புங்கள். ஓடுவதற்கு நாங்கள் இருவரும் வருகிறோம்.